இலவச வக்கீல் யார் பக்கம்?

"ஐயா, என் தம்பிக்கு 23 வயது. டவுனில் ஒரு எலெக்ட்ரிகல் கடையின் குடோனில் வேலை பார்த்தான். செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போய்விட்டதாக முதலாளி புகார் கொடுத்து, ஜூன் 5-ஆம் தேதி இவனையும் கூட வேலை பார்த்த பையனையும் ரிமாண்ட் செய்துவிட்டார்கள். இதற்கு முன் இவன் மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது. இன்றோடு 53 நாள். அப்பா இல்லை, நான் தையல் வேலை செய்கிறேன். கோர்ட் வாசலில் ஒருவர், 'நாற்பதாயிரம் கொடும்மா, ஒரே வாரத்தில் வெளியே எடுத்துடலாம்' என்கிறார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு செயின். சப்-ஜெயிலுக்கு வந்த யாரோ தம்பியிடம் இலவச வக்கீல் வேண்டுமா என்று கேட்டு ஃபாரம் நீட்டியிருக்கிறார்கள். அரசாங்க வக்கீல் போலீஸுக்குத்தான் பேசுவார் என்று பயந்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்டேஷனில் அவனிடம் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். 'ஒத்துக்கிட்டா இருந்த நாளைக் கழிச்சு விட்டுடுவாங்க' என்று உள்ளே இருப்பவர்கள் சொல்கிறார்களாம். செயினை அடகு வைக்கட்டுமா?"

— ஒரு சகோதரி, வட மாவட்டம் ஒன்றிலிருந்து

அன்புள்ள சகோதரி,

செயின் கழுத்திலேயே இருக்கட்டும். கடிதத்தில் தேதி இருந்ததால் முக்கியமானதை உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது உங்களைப் போலவே கோர்ட் வாசலில் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அனுப்பிய எஃப்.ஐ.ஆர். நகலில் இருப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-ஆவது பிரிவு, அதாவது வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடுவது. அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. இப்படிப்பட்ட வழக்கில் ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். தாக்கல் செய்யாவிட்டால், கேட்டவுடன் ஜாமீன் தந்தே ஆக வேண்டும். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2); அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187(3). வக்கீல்கள் இதை 'டீஃபால்ட் பெயில்' என்போம். வழக்கு வலுவானதா, பையன் நல்லவனா என்றெல்லாம் நீதிபதி இதில் பார்க்க வேண்டியதில்லை. நாட்கணக்கு மட்டும்தான்.

கணக்குப் போடுவோம். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜூன் 5 முதல் 30 வரை 26 நாள். ஜூலையில் 31, ஆகமொத்தம் 57. ஆகஸ்ட் 3-ஆம் தேதியோடு 60 முடிகிறது. அன்று மாலை வரை குற்றப்பத்திரிகை வராவிட்டால், 4-ஆம் தேதி காலை கோர்ட் உட்காரும்போது உங்கள் தம்பியின் மனு மேஜையில் இருக்க வேண்டும். மதியம் வரை தள்ளிப் போட்டால், அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். அதோடு உரிமை போய்விடும். மனு முதலில் தாக்கலாகிவிட்டாலோ, அதன்பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் ஜாமீனைத் தடுக்க முடியாது.

இந்த உரிமை அவ்வளவு லேசானதல்ல. கொரோனா முடக்கத்தின்போது எல்லாக் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டுவிட்டதே, இதுவும் நீளும்தானே என்ற கேள்வி மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் எழுந்தது. நீளாது என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடே பூட்டிக் கிடந்த நேரத்திலும் இந்த 60 நாள் 60 நாளாகவே இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கில், டீஃபால்ட் பெயிலுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, இதற்காக யாராவது உங்களிடம் டெபாசிட் பணம் என்று பேசினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதில்லை. முதல் வழக்கு, ஏழாண்டுக்கு மேல் போகாத குற்றம், உள்ளூர்ப் பையன். சாதாரண ஜாமீன் மனுவுக்கே நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, 53 நாளில் அப்படி ஒரு மனுகூடப் போடப்படவில்லை என்பதுதான். போட ஆள் இல்லை. அவ்வளவே.

இப்போது உங்கள் தெருவின் சந்தேகத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் அரசுப் பணத்தில் வாதாடும் வக்கீல்கள் இரண்டு வகை. ஒருவர் ஏ.பி.பி. எனப்படும் அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞர். அவர் போலீஸ் கொண்டுவரும் வழக்கை நடத்துபவர். உங்கள் தெரு சொல்வது இவரை. இன்னொருவர் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்தும் வக்கீல். அந்த ஆணைக்குழுவுக்கும் போலீஸுக்கும் சம்பந்தமில்லை. மாவட்ட நீதிபதிதான் அதன் தலைவர்; செயலாளரும் நீதித்துறையைச் சேர்ந்தவர். அது அமர்த்தும் வக்கீலும் நான் போடும் அதே வக்காலத்தைப் போட்டுத்தான் ஆஜராகிறார். உங்கள் தம்பி சொல்லும் ரகசியத்தைக் காக்கும் கடமையும் அவருக்கு அப்படியே உண்டு. 2022-க்குப் பிறகு மாவட்டத் தலைநகரங்களில், தனிப் பிராக்டீஸ் செய்யாமல் முழுநேரமும் இந்த வேலையை மட்டுமே பார்க்கும் சட்ட உதவி எதிர்வழக்கு ஆலோசகர் அலுவலகங்களும் வந்துவிட்டன. தாலுகா கோர்ட் என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவின் பட்டியலில் உள்ள வக்கீல் வருவார்.

இது அரசு போடும் பிச்சையா என்றால், இல்லை. 1961-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்பவர், ஒரு பூல் விளையாட்டுக் கூடத்துக்குள் உடைத்து நுழைந்து திருடியதாகக் கைதானார். வக்கீல் வைக்கக் காசில்லை, நீங்களே தாருங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வழக்கென்றால்தான் தர முடியும் என்று பதில் வந்தது. தானே வாதாடிப் பார்த்தார். 5 ஆண்டு தண்டனை. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை எடுத்துக்கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம், காசில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963 மார்ச்சில் தீர்ப்பளித்தது. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. ஆகஸ்டில் அதே ஊரில் மறு விசாரணை. அதே குற்றச்சாட்டு, அதே முக்கிய சாட்சி. இந்த முறை குறுக்கு விசாரணை செய்ய வக்கீல் ஒருவர் இருந்தார். ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் அவரை விடுதலை செய்துவிட்டது.

நம் நாட்டில் இந்தக் கதவு திறந்தது பீகார் சிறைகளில் இருந்து. சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வர, வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு, 1979. ஏழைக்கு இலவச சட்ட உதவி என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றார் நீதிபதி பகவதி. 1980 டிசம்பரில் பாகல்பூர் வழக்கில் இன்னொரு படி போனார்கள்: விசாரணை தொடங்கும்போது அல்ல, கைதான ஆளை முதன்முதலாக மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தும்போதே வக்கீல் தர வேண்டும், இப்படி ஓர் உரிமை இருப்பதை மாஜிஸ்ட்ரேட்டே சொல்ல வேண்டும். 1986-ல் அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில், குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் கேட்கவில்லை, அதனால் தரவில்லை என்ற சமாதானம் எடுபடவில்லை. அந்தத் தண்டனையே ரத்தானது.

ஜூன் 5-ஆம் தேதி மாஜிஸ்ட்ரேட் முன் உங்கள் தம்பிக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைத்திருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார்? ஏழு ஆண்டுக்கு உட்பட்ட குற்றத்துக்கு எடுத்த எடுப்பில் கைது எதற்கு, நோட்டீஸ் கொடுத்து விசாரித்திருக்கலாமே என்று கேட்டிருப்பார். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. கைதுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று நீதிபதியும் பார்த்திருப்பார். ரிமாண்டே ஆகாமல் போயிருக்கவும் கூடும். ஜாமீனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். முதல் நாள் ரிமாண்டில் எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் விட்டுவிடுகிறோம். என் தொழிலில் பார்க்கும் பெரிய வீண் இதுதான். 2022 முடிவில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர்.

"வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தது கல்லில் பொறித்த எழுத்தல்ல. நாளைக்கே "வேண்டும்" என்று எழுதலாம். ஜெயில் கண்காணிப்பாளரிடம் தம்பி ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நீங்கள் நேரில் போவதென்றால், கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. யாராவது வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று அலையவிட்டால் இதைச் சொல்லுங்கள். பெண் என்பதால் உங்களுக்கே தனியாக இந்த உரிமை உண்டு, நாளை உங்களுக்கு வேறு ஏதாவது வழக்கு என்றாலும்.

இலவச வக்கீல்கள் எல்லோரும் உழைப்பவர்கள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். கட்டுக்கட்டாகக் கேஸ் வைத்துக்கொண்டு, கட்சிக்காரரின் முகம்கூடத் தெரியாமல் ஆஜராகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு மரண தண்டனை வழக்கில், வக்கீலை அமர்த்திய அன்றைக்கே குற்றச்சாட்டும் பதிவு செய்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து, இத்தகைய கடும் வழக்குகளில் தயாராவதற்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றது. ஆனால் பீஸ் வாங்கும் வக்கீல்களிலும் இதே இரண்டு ரகமும் உண்டு. நாற்பதாயிரம் கேட்டவர் வக்கீலே இல்லை, புரோக்கர். அந்தப் பணத்தில் எவ்வளவு எந்த வக்கீலுக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. இலவச வக்கீல் ஒழுங்காக நடத்தவில்லை என்றால் மாற்றித் தரும்படி ஆணைக்குழுச் செயலாளரிடம் மனு கொடுக்கலாம். டைப் அடிக்க, ஸ்டாம்ப் ஒட்ட என்று ஐந்து பைசா கேட்டாலும் புகார் கொடுக்கலாம். அவர் வாங்கக் கூடாது.

வக்கீல் எப்படிப்பட்டவர் என்பதைவிட, அவர் கையில் நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஜெயிலில் மனு போட்டுத் தம்பியைப் பார்க்கும்போது அழுதுவிட்டு வராமல் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடோன் சாவி யார் யாரிடம் இருந்தது? கேமரா எங்கே இருக்கிறது? அவன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவானா? முதலாளியிடம் சம்பள பாக்கி இருந்ததா, அதைக் கேட்டு வாய்த் தகராறு ஆனதா? எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே வைத்துப் போலீஸ் பிடித்தார்கள்? எஃப்.ஐ.ஆரில் உள்ள நேரமும் அவன் சொல்லும் நேரமும் ஒன்றுதானா? அப்போது கூட இருந்தவர் யார்? கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே மனு போடச் சொல்லுங்கள், ஏற்கெனவே தாமதம்.

செம்புக் கம்பி வழக்குகளில் ஒரு விஷயம் உண்டு. கைப்பற்றியதாக மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் காகிதம்) எழுதியிருக்கும் சுருள் இந்தக் கடையின் சுருள்தான் என்று எப்படி நிரூபிப்பார்கள்? அதே கம்பெனி, அதே அளவுச் சுருள் ஊரில் பத்துக் கடையில் கிடைக்கும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் எத்தனை சுருள் இருந்தது, பில் எங்கே, எடை என்ன, மகஜர் சாட்சிகள் அதே கடையில் வேலை பார்ப்பவர்களா என்று வரிசையாகக் கேட்டால் பல வழக்குகள் ஆட்டம் காண்கின்றன. உங்கள் தம்பி எடுத்தானா இல்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

ஸ்டேஷனில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு. அவன் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டிருந்தால், அந்தப் பொருளைக் காட்டிய சொற்கள் மட்டும் உள்ளே வரும். மகஜரை நான் முக்கியம் என்று சொன்னது அதனால்தான்.

நிஜமாகப் பயப்பட வேண்டியது, "ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்க" என்ற யோசனைக்கு. மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவனுக்கு அது தேவவாக்காகக் கேட்கும். கழித்துவிடுவார்கள் என்பதும் உண்மைதான். சிறையில் இருந்த நாளைத் தண்டனையில் கழிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் வெளியே வருகிறவன் தண்டனை பெற்ற திருடனாக வருகிறான். நாளை பாஸ்போர்ட்டுக்கோ கம்பெனி வேலைக்கோ போலீஸ் சரிபார்ப்பு வந்தால் அதுதான் முதல் வரி. டவுனில் அடுத்து எங்கே எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். குற்றப்பத்திரிகை வந்தால் அதன் நகல்களை அவனுக்கு இலவசமாகத் தர வேண்டும், அதற்கு 14 நாள் கெடு. அந்தக் காகிதங்களை வக்கீல் படித்துச் சொல்லும்வரை, ஜெயிலில் இருக்கும் வீடியோ கான்ஃபரன்ஸ் திரையில் நீதிபதி என்ன கேட்டாலும் "என் வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லி வையுங்கள். தலையாட்டிவிட்டு வரக்கூடாது.

ஜாமீன் உத்தரவு கிடைத்தபிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது: ஜாமீன்தாரர். பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள். வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறவினர் இருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று கேட்பதை 1978-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்திருக்கிறார். மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது வேறு மாவட்டத்துக்காரர் என்று திருப்பி அனுப்பிய வழக்கு அது. உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவு இன்னும் உதவும். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால், ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் கைதியால் ஜாமீன்தாரரைக் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் தானாகவே யோசிக்கலாம். பணம் கட்ட முடியாமல் உள்ளே கிடக்கும் ஏழை விசாரணைக் கைதிக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023 முதல் இருக்கிறது. தொடங்கியபோது அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். புரோக்கர் உங்களிடம் கேட்ட அதே தொகை! அது உங்கள் கைக்கு வராது. மாவட்டக் குழு முடிவு செய்து கோர்ட்டில் கட்டும். ஆணைக்குழு அலுவலகத்தில் இதையும் சேர்த்தே கேளுங்கள்.

வெளியே வந்தபிறகு தினமும் காலை ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. காய்ச்சல் என்றால் அரசு மருத்துவமனைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வாய்தா தேதியை அவனும் நீங்களும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். வாய்தா தவறினால் பிடிவாரண்ட், பிறகு இந்த ஓட்டம் முழுவதும் முதலிலிருந்து. கையெழுத்து நேரம் அவனுடைய புது வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், சில வாரம் ஒழுங்காகப் போட்டபின் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம். அதையும் அதே இலவச வக்கீலே போடுவார்.